அக்கா மஞ்சள், தம்பி சிவப்பு

என் கையெழுத்தை என் மனைவிகூட முழுதாகப் படித்து முடித்ததில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், அதுவும் பர்மியப் பள்ளியில். தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கற்றது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ரங்கூன் தமிழர். என் வீட்டு ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். எனக்குத் தூக்க மூட்டை கிடைக்கவில்லை. இளவயதில் தாய்லாந்துக்குப் போனேன். இங்கே அந்த நாட்டை யோடயா என்போம். பாங்காக்குக்கு வெளியே ஒரு சந்தையில், சோறும் குழம்பும் விற்கும் கடையில் வேலை. அந்த மொழியைக் காதால் கற்றேன். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது.

அது, பதவியிலிருந்து இறக்கப்பட்ட பிரதமருக்காகச் சிவப்புச் சட்டையும், அரசர் பேரைச் சொல்லி மஞ்சள் சட்டையும் தெருவில் இறங்கிய காலம். எங்கள் கடைத் தொலைக்காட்சியில் ஒரு சேனல் ஓடும். எதிரே பன்றிக்கறிக் கடையில் வேறொன்று ஓடும். இரண்டிலும் ஒரே கூட்டத்தைத்தான் காட்டுவார்கள். ஒன்றில் அவர்கள் நாட்டைக் காக்க வந்தவர்கள், மற்றதில் காலிப்பயல்கள். கறிக்கடைக்காரரும் என் முதலாளியும் பிள்ளைப் பருவத்திலிருந்து சேர்ந்து சாராயம் குடித்தவர்கள். அந்த வருஷம் ஒருவருக்கொருவர் சில்லறைகூட மாற்றித் தரவில்லை. என்னோடு அறையில் இருந்த, பர்மாவிலிருந்தே வந்த கரேன் இனத்தவர் ஒருவர் சொன்னார்: "சிவப்பும் போடாதே, மஞ்சளும் போடாதே. அவங்க இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேர்ந்துக்குவாங்க. நம்மைப் பிடிச்சா நேரா எல்லைக்கு லாரிதான்." எங்கள் அறைக் கொடியில் அதற்குப் பிறகு சாம்பலும் நீலமும்தான் காய்ந்தன.

வெளியூர்க்காரன் கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. சிவப்பெல்லாம் ஏழை, மஞ்சளெல்லாம் பணக்காரர் என்று நாங்கள் கேள்விப்பட்டது சரியில்லை. தெருக் கூட்டும் பெண் மஞ்சள். மூன்று மாடி வீட்டுக்காரர் சிவப்பு. யாருக்கு யார்மேல் கோபம் என்பது அவரவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும். அப்படி ஒரு வீட்டுக்குள் நான் போனது தாய்லாந்தில் அல்ல. இங்கே, ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில்.

அப்பாவுக்கு முடியாமல் போனதும் ரங்கூனுக்குத் திரும்பியிருந்தேன். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு சமைத்துத் தரும் சமையற்கூடத்தில், தாய்லாந்து மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். நடத்தியவர்கள் தாய்லாந்திலிருந்து வந்த அக்காவும் தம்பியும். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தம்பி என்னைவிட மூன்று நாலு வயது பெரியவர். அவர்கள் மொழியில் மூத்தவர் யாரானாலும் "பீ", இளையவர் "நொங்". அதனால் இருவருமே எனக்குப் பீ. இருவருக்கும் நான் நொங்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழம்பு இறங்கியதும் அக்கா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார், பிறகு தம்பி. அக்காவுக்கு உப்பு, உறைப்பு. தம்பிக்குப் புளிப்பு, இனிப்பு. இரண்டு பேரும் தலையாட்டினால்தான் குழம்பு வண்டியில் ஏறும். அவர்களுடைய அம்மாவின் கடையில் அப்படித்தானாம். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து, நாக்கும் மரத்துப்போன காலத்தில் பிள்ளைகள் இருவரையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு சமைத்தாராம்.

அக்கா மஞ்சள். சுவரில் அவர்கள் அரசர் படம் இருக்கும். காலையில் அதற்கு முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு. "கையில் இருப்பதை வைத்து நிற்கப் பழகணும், நொங். அடுத்தவன் கையைப் பார்த்தால் கழுத்து வலிக்கும்" என்பார். கூடத்துக்குப் பின்னால் தகர டப்பாக்களில் எலுமிச்சைப்புல், துளசி, மிளகாய் எல்லாம் வைத்திருந்தார். மற்றக் காய்கள் பக்கத்து ஊரான மாவ்பியிலிருந்து வரும். தம்பி சிவப்பு. சட்டையெல்லாம் கிடையாது, பேச்சுதான். ஒருநாள் நாங்கள் மூவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா வழக்கம்போல "போதும் என்று இருக்கத் தெரியணும்" என்றார். தம்பி கத்தியைக் கீழே வைத்தார்.

"வயிறு நிறைஞ்சவன் சொல்ற வார்த்தை அது."

"நம்ம வயிறு எப்போ நிறைஞ்சது? நிறையாமலேதான் நான் சொல்றேன்."

"அம்மாவுக்குக் கண் தெரிஞ்சது எதனால? நீ புல் வளர்த்ததாலயா? நாங்க ஓட்டுப் போட்ட ஆட்சி தந்த ஆஸ்பத்திரி அட்டையால."

"ஆஸ்பத்திரிக்கு அவங்களை முதுகில் சுமந்துட்டுப் போனது யாரு? உன் அட்டைக்குக் கால் முளைச்சுதா?"

"நீ சுமந்தே. கதவைத் திறந்தது அட்டை."

பிறகு மூவரும் ஒரு கூடை வெங்காயத்தையும் உரித்து முடித்தோம். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் இருந்தது வசதியாய்ப் போயிற்று.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையேதான் யோசித்தேன். அம்மாவுக்குப் பார்வை வந்தது இரண்டு பேருக்கும் சந்தோஷம். யாரால் வந்தது என்பதில்தான் சண்டை. அதை விட்டுக்கொடுத்தால் தான் செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடுமோ என்று இருவருக்கும் பயம்.

அந்த வருஷம் அவர்கள் நாட்டில் தேர்தல் வந்தது. எல்லைப் பாதையும் அடைபட்டுப் போயிற்று. பாங்காக்கிலிருந்து வரும் இறால் விழுது, தேங்காய்ப்பால் டப்பா எதுவும் வரவில்லை. இங்கே கிடைக்கும் நாப்பியை, அதுதான் நம் ஊர் மீன் விழுது, அதை வைத்துச் சமைக்கலாம் என்றார் அக்கா. அது நம் சமையல் இல்லை, ருசி கெட்டால் தொழிற்சாலை நம்மைத் துரத்திவிடும், அதற்குமுன் ஊருக்குப் போய்விடலாம் என்றார் தம்பி. போவதென்று தீர்மானித்தும்விட்டார். ஓட்டுப் போட்டதும் கிளம்புவதாகப் பேச்சு.

தொழிற்சாலையில் பேசி வேலையைப் பிடித்தவர் தம்பி. பர்மிய மொழி அவருக்குத்தான் சரளம். அவர் போனால் ஒப்பந்தமும் போகும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தம்பிக்கு ஊரில் மனைவி, பிள்ளைகள், வீடு. அக்காவுக்கு அங்கே யாரும் இல்லை. அம்மாவின் கடையும் கைமாறிவிட்டது. இந்தக் கூடம் மூடினால் அவர் எங்கே போவார் என்று நான் என்னையே கேட்டுக்கொள்வேன். என் பிழைப்பும் அதோடுதான் போகும், ஆனால் எனக்கு வீடு என்று ஒன்று இருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே பேச்சு நின்றுவிட்டது. ருசி பார்க்க மட்டும் வருவார்கள். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். "உப்பு போதும் என்று அவனிடம் சொல்." "புளி கொஞ்சம் வேண்டும் என்று அவளிடம் சொல்." இருவருக்கும் நடுவே நான், கையில் கரண்டியோடு.

அந்தச் சமயம் பார்த்துக் கோயிலில் சித்திரைத் திருவிழா. மகளுக்கு டெங்கு வந்தபோது தீ மிதிப்பதாக வேண்டியிருந்தேன். காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி, மஞ்சள் சட்டை. மீனும் கறியும் நாக்கில் படக்கூடாது. எங்கள் தெருவில் அந்த மாதம் பத்து வீட்டில் எட்டு வீட்டு ஆண்கள் மஞ்சள்தான். பர்மியர்கள்கூட வழிவிட்டு நிற்பார்கள். பாங்காக்கில் அத்தனை வருஷம் நிறம் பார்த்து உடுத்தியவன், சொந்த ஊரில் அதை யோசிக்கவே இல்லை. அப்படியே வேலைக்குப் போனேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தோளைத் தட்டினார். ஒரு மாம்பழத்தை எடுத்துக் கையில் வைத்தார். தம்பி வாசலிலேயே நின்றார்.

"நீயுமா நொங்?"

நான் சிரித்தேன். வெட்கத்தில் எனக்கு வருவது அது ஒன்றுதான்.

"சிரி, சிரி. உனக்கு அங்கே ஓட்டும் இல்லை, வீடும் இல்லை. உனக்கு எதுக்கு அவங்க நிறம்?"

இது அம்மனுக்கு என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாய்லாந்து மொழியில் தீமிதிக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. மறுநாளும் மஞ்சள், அதற்கு மறுநாளும் மஞ்சள். பாத்திரம் கழுவும் பர்மியப் பெண் ஒருத்தி இருந்தாள். எனக்குத் தங்கை வயது, ஞீமா என்றுதான் கூப்பிடுவேன். தங்கை என்று பொருள். அவளுக்கு நான் அகோ, அண்ணன். அவள் காதோரம் வந்து, "அகோ, உங்க சாமி உங்களைக் காப்பாத்துமோ என்னவோ, சின்ன முதலாளிகிட்ட மாட்டி விட்டுடுச்சு" என்று சிரித்தாள்.

தூதரகத்தில் ஓட்டுப் போடும் நாள் வந்தது. அக்காவும் தம்பியும் ஒரே வேனில்தான் போகவேண்டும். இருவருமே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். ஓட்டுப் போடும் இடத்தில் நிறம் காட்டக்கூடாதாம். வேனுக்குள் முன் இருக்கையில் தம்பி, கடைசி இருக்கையில் அக்கா. அன்றைக்குப் பாங்காக் விழுது முழுதும் தீர்ந்து, முதல் முறையாக நாப்பி போட்டு மீன் புளிக்குழம்பு. கிளம்பும்போது அக்கா ஜன்னல் வழியாக, "வர நேரமாகும் நொங். நீயே ருசி பார்த்து அனுப்பிடு" என்றார். நான் தலையாட்டினேன். மீன் குழம்பை நாக்கில் வைக்க முடியாத விரதத்தில் இருக்கிறேன் என்று சொல்வதற்குள் வேன் போய்விட்டது. வேன் போகாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மூக்கால் பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஞீமாவைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினேன். அவள் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினாள்.

"அகோ, பிரமாதம்! ஆனா என்னைக் கேட்டா எப்படி? நான் நாப்பியை அப்படியே வழிச்சுத் தின்கிறவள்."

பிரமாதம் என்றது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. அனுப்பிவிட்டேன்.

அரை மணி கழித்துத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. குழம்பு மிச்சம் கிடக்கிறது. சோறு இல்லை. உப்புக் கடுத்ததில் முதலில் உட்கார்ந்த பெண்கள் ஆளுக்கு ஒன்றரைப் பங்கு சோறு வாங்கித் தின்றுவிட்டார்கள். அடுத்த வரிசைப் பெண்கள் வெறும் தட்டோடு நிற்கிறார்கள். இஸ்திரிப் பிரிவில் காலையிலிருந்து நீராவியில் நின்ற பெண்கள் அவர்கள். சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த அம்மாளை எல்லாரும் மரியாதையாக மமா என்பார்கள். அவர் போனில் கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

மின்சாரம் போயிருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் போயிருந்தான். நான் கரி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோதுதான் வேன் திரும்பி வந்தது. நடந்ததை ஞீமா சொன்னாள். அக்கா வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார். தம்பி செருப்பை உதறினார். ஒருவர் அரிசி களைந்தார், ஒருவர் விசிறினார். "தண்ணி!" "மூடி எங்கே?" "இதை இறக்கு, அதை ஏத்து!" நேருக்கு நேராகப் பேசுகிறார்கள் என்பது எனக்குச் சோறு பாதி வெந்த பிறகுதான் உறைத்தது. சோற்றோடு முட்டையைப் பொரித்துத் தம்பியே வண்டியில் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் இருவருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ருசி பார்க்காம எப்படி அனுப்பினே?" இது அக்கா.

"பாங்காக்கில் அத்தனை வருஷம் என்ன கத்துக்கிட்டே?" இது தம்பி.

"வாயில் என்ன, கொழுக்கட்டையா?" என்பதுபோல் அக்கா அவர்கள் மொழியில் ஏதோ ஒரு பழமொழி சொன்னார். அதற்குத் தம்பி தலையாட்டினார். வேறு வழியில்லாமல் சொன்னேன். மகள், காய்ச்சல், அம்மன், நெருப்பு, மீன் கூடாது. தெரிந்த சொற்களை வைத்து, தெரியாததற்குக் கையைக் காட்டி.

தம்பி என் சட்டையையே பார்த்தார். "அப்போ இந்த மஞ்சள்?"

"சாமிக்கு, பீ."

"அவளுக்காக இல்லே?"

"இல்லை, பீ."

தம்பி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மாம்பழத்தைத் திருப்பிக் கொடு" என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அப்போது பார்த்து மின்சாரம் வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கூச்சல் போட்டார்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆகவில்லை. தம்பி உடனே போகாமல் மழைக்காலம் முடியும்வரை இருந்தார். நாப்பியில் எவ்வளவு உப்பு, அதற்கு எவ்வளவு புளி என்று இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தேர்தல் முடிவு வந்தது. அவர் நினைத்ததும் நடக்கவில்லை, இவர் நினைத்ததும் நடக்கவில்லை. இப்போது ஆரஞ்சு என்று மூன்றாவது நிறம் வந்துவிட்டதாம், தம்பியின் பிள்ளைகள் அந்தப் பக்கமாம். "என் வீட்டிலேயே நான் கிழவனாயிட்டேன்" என்றார். மழை விட்டதும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பினார், திரும்பி வருவதாக இல்லை.

போகும் அன்று வாசலில் நின்று, "நீ சொல்றதை இன்னமும் நான் ஒத்துக்கலே" என்றார்.

"யார் ஒத்துக்கச் சொன்னா? சோத்துப் பொட்டலத்தை மறக்காம எடுத்துக்கோ" என்றார் அக்கா.

மறுநாள் மமா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். தம்பி இல்லாமல் இந்தச் சாப்பாட்டை யார் பொறுப்பேற்று நடத்துவது, இன்றைக்கே தெரியவேண்டும் என்றார். கண்ணாடி அறை, குளிர்சாதனம், நாலு பேர் நாற்காலியில். அக்காவுக்குச் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் பர்மியம். என்னை இதுவரை அந்த அறைக்குள் யாரும் கூப்பிட்டதில்லை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "நான் யாரையும் நம்பி இல்லை, என் காலில் நிற்பேன் என்று சொல்."

நான் வாயைத் திறந்தேன். அது அப்படியே வரவில்லை. எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே தெரியும். பாங்காக்கில் தன் காலில் நிற்பதாகச் சொன்ன முதலாளிகள் நின்ற தரையை நாங்கள்தான் கழுவினோம். இங்கே எங்கள் ஆட்களும் அதையே பெருமையாகச் சொல்வோம்: எந்தக் கட்சியும் நமக்குச் செய்ததில்லை, நாமே பிழைத்தோம். ஆனால் சாவு வந்தால் தெருவே சேர்ந்துதான் தூக்குகிறோம். யாரும் வராத இடத்தில் நாங்களே போய் நின்றோம் என்பது உண்மை. தனியாக நின்றோம் என்பது பொய். தம்பி சொன்ன அட்டையும் அக்காவின் முதுகும் சேர்ந்துதானே அந்த அம்மாவுக்குக் கண்ணைக் கொடுத்தன.

"அவங்க தனியா இல்லை, மமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான் இருக்கேன். பாத்திரம் கழுவுற பொண்ணு இருக்கா. காய் தர்ற மாவ்பிக்காரங்க இருக்காங்க. சோறு குறைஞ்சா அன்னைக்கு மாதிரி எல்லாருமா ஓடுவோம். பொறுப்பு எங்க எல்லாருக்கும்."

மமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "தண்ணீர் விட்ட குழம்பு வந்தால் உன்னைத்தான் கேட்பேன்" என்று என்னிடம் சொன்னார். "சரி, நடத்துங்கள்."

வெளியே வந்ததும் அக்கா நடையை நிறுத்தினார். "நான் சொன்னது ஒரு வரி. நீ சொன்னது அஞ்சாறு வரி."

"பர்மியத்தில் நீளமாத்தான் வரும், பீ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாவ்பி என்ற பெயர் அவருக்குப் புரிந்திருக்கும். தாம் சொன்னதில் அந்த ஊர் இல்லை என்பதும் தெரிந்திருக்கும். மறுநாள் காய்க்காரர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அதுவரை அப்படி ஒரு பழக்கம் எங்கள் கூடத்தில் இல்லை.

கூடம் நடக்கிறது. அக்கா இன்னமும் தன் காலில் நிற்பதாகத்தான் சொல்கிறார். நானும் மறுத்துப் பேசவில்லை.

ரங்கூன், 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.